யூகான் ஆற்றில் ஐஸ் உடைந்து கிளம்பியதை நேரில் பார்த்தேன் (டாசன் சிட்டி)

யூகான்வாசி (வைட்ஹார்ஸ்):

வணக்கம் நண்பர்களே. உறைந்த ஆற்றின் மேல் லாரி ஓட்டுவது பற்றி இங்கே ஓர் இழை நன்றாக ஓடியது. அதே ஆறு வசந்தம் வந்ததும் என்ன ஆகிறது என்று யாரும் எழுதவில்லை. போன வசந்தத்தில் கனடாவின் வடமேற்கு மூலையில் இருக்கும் டாசன் சிட்டிக்குப் போய், யூகான் ஆற்றில் ஐஸ் உடைந்து கிளம்புவதைப் பார்த்தேன். இந்தப் பக்கம் வேலைக்கு வந்ததிலிருந்து நான் ஏங்கிய காட்சி அது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வைட்ஹார்ஸிலிருந்து க்ளாண்டைக் நெடுஞ்சாலையில் சுமார் 530 கிலோமீட்டர் வடக்கே போனால் டாசன். 1896ல் பக்கத்து ஓடையில் தங்கம் கிடைத்ததும் உலகமே ஓடி வந்த ஊர். அதற்கு முன்பும் பின்பும் அது ட்ரான்டெக் ஹ்வெச்சின் பழங்குடி மக்களின் மண். ஊரின் தெற்கு முனையில் க்ளாண்டைக் ஆறு யூகானில் வந்து கலக்கிறது. எதிர்க்கரையில் வெஸ்ட் டாசன் என்ற குடியிருப்பு. நடுவில் பாலம் கிடையாது. கோடையில் ஜார்ஜ் பிளாக் என்ற ஃபெர்ரி ஓடும். குளிரில் ஆற்றின் மேலேயே ரோடு. ஐஸை நம்பிக் கால் வைக்க முடியாமல் போனதற்கும் ஃபெர்ரி தண்ணீரில் இறங்குவதற்கும் நடுவில் உள்ள நாட்களில் அக்கரை ஆட்கள் அக்கரையிலேயே இருந்துகொள்ள வேண்டியதுதான். மளிகை, மருந்து, நாய்களுக்குத் தீனி எல்லாவற்றையும் முன்கூட்டியே வாங்கி அடுக்கிவிடுகிறார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஆறு பார்க்க அழகாகவே இல்லை. சாம்பல் நிறம். ஆங்காங்கே மேலே தண்ணீர் தேங்கிக் கிடந்தது. குளிர்காலத்தில் வண்டி போன தடம் மட்டும் ஓர் அழுக்குக் கோடாக அக்கரை வரை தெரிந்தது. இரு கரையோரமும் ஐஸ் விட்டுப்போய்த் தண்ணீர் ஓடியது, நடுவில் மட்டும் அகலமான தகடு அசையாமல் இருந்தது. அந்தத் தகட்டின் மேல் மரச்சட்டத்தில் கட்டிய முக்காலி ஒன்று நிற்கும். அதிலிருந்து கரையில் இருக்கும் கடிகாரத்துக்கு ஒரு கம்பி. முக்காலி நகர்ந்தால் கம்பி இழுபடும், கடிகாரம் நின்றுவிடும். அந்த நேரம்தான் அந்த வருடத்துக்கான அதிகாரபூர்வ நேரம். நாளையும் நிமிடத்தையும் யார் சரியாகச் சொன்னார்கள் என்ற போட்டியை ஐ.ஓ.டி.ஈ. என்ற பெண்கள் சங்கம் நடத்துகிறது. உடையும் தேதிகளை 1896லிருந்து எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஊரில் யாரிடம் பேசினாலும் இந்தப் பேச்சுத்தான். ஆனால் "எப்போது" என்று கேட்பவர்கள் என்னைப் போன்ற வெளியூர்க்காரர்கள். அங்கேயே இருக்கும் பெரியவர்கள் கேட்பது "எப்படிப் போகும்" என்று. இற்றுப்போய்ச் சத்தமில்லாமல் போகுமா, இல்லை முறுக்கேறி நிற்கும்போதே வெள்ளம் வந்து தள்ளுமா என்பதுதான் அவர்களுக்கு முக்கியம். 1979 மே மாதம் ஐஸ் அடைத்துக்கொண்டு ஊருக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இப்போது ஆற்றோரம் நிற்கும் மண்கரை அதற்குப் பிறகு கட்டியது.

பிற்பகலில் சைரன் ஊதியது. கடை, அலுவலகம், பள்ளி என்று எல்லாரும் வெளியே வந்து கரையில் ஏறினோம். முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது, ஏனென்றால் எதுவும் உடையவில்லை. அந்த முழுத் தகடும், முக்காலியோடும் அழுக்குக் கோட்டோடும், ஒரே துண்டாக நகர்ந்தது. எதிர்க்கரை மரத்தை வைத்துப் பார்த்தால்தான் நகர்வதே தெரிந்தது. ரோட்டின் இந்தப் பக்க முனை ஆற்றோட்டத்தோடு கீழே போய்விட்டது, அந்தப் பக்க முனை இன்னும் பழைய இடத்திலேயே தெரிந்தது. அப்புறம் நடுவில் ஒரு பிளவு விழுந்தது. பிளவு விழுந்த இடத்தில் இரண்டு தகடுகளும் மோதி, ஓரங்கள் மேலே எழும்பிச் சரிந்தன. சத்தம் காதுக்கு வருவதற்கு முன்பே காலில் தெரிந்தது. மண்கரை அதிர்ந்தது.

பிறகு எல்லாம் நின்றுவிட்டது. கீழே எங்கோ ஒரு வளைவில் அடைத்துக்கொண்டது என்றார்கள். மேலே இருந்து வருகிற ஐஸ் வந்துகொண்டே இருந்தது, போக வழியில்லை. கரைச் சரிவில் கிடந்த ஒரு பெரிய பாறையை அடையாளமாக வைத்துத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் நின்றவர் ஒரு சிகரெட்டைப் பிடித்து முடிப்பதற்குள் பாறை முழுசாக முங்கிவிட்டது. கூட்டத்தில் பேச்சே நின்றுபோனது. குழந்தைகளைக் கரைக்குப் பின்பக்கம் இறக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் கீழே அடைப்பு விட்டது. தேங்கி நின்ற அத்தனையும் ஒரே வேகத்தில் கிளம்பியது. வேரோடு மரங்கள், ஒரு படகுத்துறைப் பலகை, வீட்டளவு ஐஸ் பாளங்கள் எல்லாம் புரண்டு புரண்டு போயின. அந்தப் பாறை மறுபடி வெளியே வந்தது.

கேள்வி இருந்தால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

துறையூரான் (திருச்சி):

அருமை தம்பி. நான் பொதுப்பணித்துறையில் ஆற்றுப் பாதுகாப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு சந்தேகம்.

ஒன்று. வெயில் ஏறினால் ஐஸ் உருகிப் போக வேண்டியதுதானே, ஏன் உடைந்து போகிறது? இரண்டு. நமக்கு இத்தனை ஆயிரம் கனஅடி வந்தால் இத்தனை அடி உயரம் என்று அளவுகோலுக்கு ஓர் அட்டவணை உண்டு. கொள்ளிடத்தில் அதை வைத்துத்தான் ராத்திரி முழுக்கக் கண் விழித்திருக்கிறோம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் வருகிற நீர் அதிகமாகாமலே மட்டம் ஏறுகிறது. அப்போது அங்கே அட்டவணைக்கு என்ன மதிப்பு?

யூகான்வாசி:

ஐயா, இரண்டாவது கேள்விக்கு முதலில். அந்த நாட்களில் அட்டவணை செல்லாது. கனடாவின் நீர் அளவைத் துறை வெளியிடும் பதிவுகளில் ஐஸ் இருக்கும் நாட்களின் எண்ணுக்குப் பக்கத்தில் "பி" என்று ஒரு குறி போட்டிருப்பார்கள். மட்டத்திலிருந்து நேரடியாக நீரின் அளவைக் கணக்கிட முடியாது என்று அதற்குப் பொருள். ஐஸ் மூடியிருந்தால் தண்ணீருக்கு மேலேயும் ஓர் உராய்வு. அடைப்பு விழுந்தால் சாதாரண நீர்வரத்துக்கே, பெரிய கோடைவெள்ளத்தில்கூடப் பார்க்காத உயரம் வந்துவிடும்.

முதல் கேள்வி. 0 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ ஐஸை உருக்க 334 கிலோஜூல் வேண்டும். அதே வெப்பத்தை ஒரு கிலோ தண்ணீருக்குக் கொடுத்தால் அது 80 டிகிரி ஏறிவிடும். ஒரு மீட்டர் கனத்தில், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் ஐஸை இருந்த இடத்திலேயே உருக்க நாளாகும். அதற்குள் மலையில் பனி உருகி ஆற்றுக்கு வந்துவிடுகிறது. மட்டம் ஏறும்போது மிதக்கும் தகடு நடுவில் எழும்பும், கரையோடு ஒட்டிய ஓரம் எழும்ப முடியாது. அதனால் கரைக்கு இணையாக இரு பக்கமும் விரிசல் விழுகிறது. நான் போனபோது பார்த்த ஓரத்துத் தண்ணீர் அதுதான். தகடு இப்போது கரையிலிருந்து விடுபட்டுவிட்டது. ஆனாலும் உடனே போய்விடாது, ஆறு வளைந்து வளைந்துதானே போகிறது. அகலமான தகடு வளைவில் திரும்ப இடம் வேண்டும். மட்டம் இன்னும் ஏறி ஆறு அகலமாக வேண்டும், அல்லது தகடு உடைந்து சின்னதாக வேண்டும்.

இன்னொரு பக்கம் வெயிலும் வேலை செய்கிறது. மேலே வெள்ளைப் பனி இருக்கும்வரை வெளிச்சத்தின் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். பனி கரைந்து ஐஸ் வெளியே தெரிந்ததும் வெளிச்சம் உள்ளே இறங்குகிறது. ஆற்று ஐஸ் பெரும்பாலும் செங்குத்தான படிகங்களாக வளர்ந்திருக்கும், அந்தப் படிகங்களின் ஒட்டுகள் முதலில் உருகுகின்றன. கனம் அப்படியே இருக்கும், பலம் போய்விடும். மறுநாள் காலையில் கரையில் ஒதுங்கிக் கிடந்த ஒரு பாளத்தைப் பூட்ஸ் காலால் தட்டினேன். பார்க்கக் கல்லாக இருந்தது. தட்டிய இடத்தில் விரல் கனத்தில், முழ நீளத்தில் குச்சி குச்சியாகப் பிரிந்து, கண்ணாடி வளையல்கள் உடைகிற சத்தத்தோடு சரிந்தது. கையில் ஒரு குச்சியை எடுத்தால் ஆறு பட்டையோ ஐந்து பட்டையோ தெரிந்தது. இதை இங்கே மெழுகுவத்தி ஐஸ் என்கிறார்கள்.

ஆக, ஐஸ் பலம் இழப்பது ஒரு கணக்கு, வெள்ளம் ஏறுவது இன்னொரு கணக்கு. எது முந்துகிறது என்பதில்தான் அந்த வருடத்தின் கதை இருக்கிறது. ஐஸ் முதலில் இற்றால் ஊர் தப்பும்.

பனித்துகள் (ஃபேர்பேங்க்ஸ், அலாஸ்கா):

யூகான்வாசி கடைசியாகச் சொன்னதுக்கு எங்க ஊர்ல நல்ல உதாரணம் இருக்கு. நான் இங்க யுனிவர்சிட்டில பனி சம்பந்தமாத்தான் ஆராய்ச்சி பண்றேன்.

எங்களுக்குப் பக்கத்துல நெனானான்னு ஒரு ஊர், டனானா ஆத்துக்கரையில. டாசன் மாதிரியே அங்கயும் ஒரு போட்டி. 1917ல ரயில்பாதை போட வந்த இன்ஜினியர்கள் 800 டாலர் வரைக்கும் பந்தயம் கட்டி ஆரம்பிச்சது, இன்னிக்கு வரைக்கும் நடக்குது. பேரு முக்காலி, ஆனா அதுக்கு நாலு கால். அது 100 அடி நகர்ந்தா கடிகாரம் நிக்கும். அந்த ஊர்ல குளிர்காலம் முழுக்க டிக்கெட் விக்கறதும், லட்சக்கணக்கான டிக்கெட்டைப் பிரிச்சு அடுக்கறதும் பலருக்கு வேலை.

தேதிகளைப் பாருங்க. ரொம்பத் தாமதமா உடைஞ்சது மே 20. அது ரெண்டு தடவை நடந்திருக்கு, 1964லயும் 2013லயும். ரொம்பச் சீக்கிரமா உடைஞ்சது 2019ல, ஏப்ரல் 14, நள்ளிரவு தாண்டி 12:21க்கு. ஆறே வருஷ இடைவெளில ரெண்டு எல்லையும் வந்துடுச்சு.

2013ல என்ன ஆச்சுன்னா, மே பாதி வரைக்கும் குளிர் விடவே இல்ல. ஐஸ் கெட்டியாவே இருந்துச்சு, மலைல பனியும் அப்படியே இருந்துச்சு. அப்புறம் திடீர்னு வெயில். ராத்திரியே சரியா இருட்டாத மாசம் அது, உருகறது நிக்கவே இல்ல. பலமான ஐஸ் மேல மொத்த வெள்ளமும் வந்து இடிச்சுது. யூகான் ஆத்துல கலீனாங்கற கிராமத்துக்குக் கீழ பிஷப் ராக்ங்கற இடத்துல அடைச்சுக்கிட்டு, கிராமம் முழுக்கத் தண்ணி. பெரும்பாலான ஜனங்களை விமானத்துல ஏத்திக் கொண்டுபோனாங்க. 2009 மே மாசம் டாசனுக்குக் கீழ, எல்லை தாண்டி இருக்கற ஈகிள் ஊர்லயும் இதே மாதிரி. அங்க ஐஸ் பாளங்களே வந்து மரவீடுகளை இடத்தை விட்டுத் தள்ளிடுச்சு. பக்கத்துல இருந்த ஹான் மக்களோட பழைய கிராமம் போயே போச்சு.

அதனால வசந்தகாலத்துல இங்க ரிவர் வாட்ச்னு சின்ன விமானத்துல ஆத்து மேலயே பறந்து பாப்பாங்க. வெள்ள முன்னறிவிப்பு ஆளு ஒருத்தர், மாநிலப் பேரிடர்த் துறை ஆளு ஒருத்தர். எங்க ஐஸ் வெள்ளையா கெட்டியா இருக்கு, எங்க கறுத்து இத்துப்போச்சு, எங்க அடைப்பு நிக்குதுன்னு பாத்துட்டுக் கீழ இருக்கற கிராமத்துக்குச் சொல்லுவாங்க. செயற்கைக்கோள் படம் இருந்தாலும் இந்தப் பறத்தலை இன்னும் விடல.

கனகு (ஸ்கார்பரோ):

நான் 2020ல ஃபோர்ட் மக்மரியில வேலை செய்தனான். அல்பர்ட்டா, அதபாஸ்கா ஆறு. டவுன்டவுனில நிலக்கீழ் அறை ஒண்டில வாடகைக்கு இருந்தனான்.

ஏப்ரல் கடைசி. கொரோனா தொடங்கி எல்லாம் பூட்டிக் கிடந்த நேரம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வெளிக்கிடச் சொல்லிப் போட்டினம். நான் நினைச்சது ஆறு ரெண்டு அடி ஏறும், நாளைக்கு வடியும் எண்டு. ஐஸ் 25 கிலோமீட்டர் நீளத்துக்கு அடைச்சு நிண்டதாம். அதபாஸ்கா போக வழியில்லாமல் கிளியர்வாட்டர் ஆத்துக்குள்ள பின்னால திரும்பி, அங்கால இருந்துதான் டவுனுக்குள்ள தண்ணி வந்தது. 13,000 சனம் வரை வெளியேற்றினவை. ஒருத்தர் செத்தும் போனார். நாலு வருசத்துக்கு முதல்தான், 2016ல, காட்டுத் தீயில முழு ஊரையும் எழுப்பினவை. நெருப்பில தப்பின வீடு தண்ணியில போன ஆக்களை எனக்குத் தெரியும்.

திரும்பிப் போய் அறையைத் திறக்கேக்க சுவர் முழுக்கச் சேறு. கட்டில் மெத்தை ஊதிப்போய்க் கிடந்தது. அம்மாவின்ர பழைய படங்கள் ஒரு பெட்டியில வச்சிருந்தனான், அதுகள் ஒண்டோட ஒண்டு ஒட்டிப்போச்சு. காப்புறுதிக் கொம்பனியோட மாசக்கணக்கில இழுபட்டனான். ஆறு உடையிறதைப் பாக்க ஆக்கள் காசு செலவழிச்சுப் போகினம் எண்டு வாசிக்க எனக்கு மனசு ஒரு மாதிரி இருக்கு. தம்பி யூகான்வாசியில கோவம் இல்லை. உண்மையைச் சொல்லுறன்.

யூகான்வாசி:

கனகு அண்ணா, நீங்கள் எழுதியது நல்லதுதான். நான் கரையில் நின்ற அந்தக் கொஞ்ச நேரம், பாறை முங்கியபோது, அந்த ஊர்க்காரர்கள் முகத்தில் பார்த்ததும் இதுதான். வேடிக்கை அங்கே முடிந்துவிட்டது. அம்மாவின் படங்கள் பற்றி வருந்துகிறேன்.

மக்மரியில் ஏன் திரும்பத் திரும்ப நடக்கிறது என்பதற்கு ஆற்றின் அமைப்பிலேயே காரணம் இருக்கிறது. ஊருக்கு மேலே அதபாஸ்கா பாறைப் பள்ளத்தாக்கில் செங்குத்தாக இறங்கி வருகிறது. ஊருக்குப் பக்கத்தில் சரிவு குறைந்து, ஆறு அகன்று, நடுவில் தீவுகள். வேகமாக வந்த ஐஸ் அங்கே வந்து உட்கார்ந்துவிடுகிறது. 1875லேயே அங்கிருந்த வணிகச் சாவடி இப்படி மூழ்கியிருக்கிறது.

இளவேனில் (சென்னை):

படிக்கப் படிக்கப் பதறுது. ஒரு சாதாரணக் கேள்வி. அடைப்பு எங்க இருக்குன்னு தெரிஞ்சா வெடி வச்சு உடைச்சுட வேண்டியதுதானே?

பனித்துகள்:

செஞ்சு பாத்திருக்காங்க இளவேனில். 2001 மே மாசம் சைபீரியாவுல லேனா ஆத்துல லென்ஸ்க் ஊருக்குப் பக்கத்துல பெரிய அடைப்பு. ரஷ்ய விமானப்படை விமானத்துல வந்து குண்டே போட்டுச்சு. ஊர் தப்பல, பெரும்பகுதி அழிஞ்சு, திரும்பக் கட்ட வேண்டியதாச்சு. அடைப்புங்கறது ஒரு கதவு இல்ல. கிலோமீட்டர் கணக்குல, சில இடத்துல ஆத்தோட அடி வரைக்கும் திணிஞ்சு கிடக்கற குவியல். ஓட்டை போட்டா பக்கத்துல இருக்கறது வந்து மூடிடும். உடைச்ச ஐஸை எடுத்துட்டுப் போக கீழ திறந்த தண்ணி இருக்கணும், அதுதான் முக்கியம்.

கீழ தண்ணி திறந்திருந்தா பலிக்கும். ஒட்டாவாவுல ரிடோ ஆறு இருக்கில்ல, அங்க நூறு வருஷத்துக்கும் மேலா ஒவ்வொரு குளிர்காலக் கடைசிலயும் ஐஸை அறுத்து, வெடி வச்சு உடைக்கறாங்க. அருவி முனையிலேர்ந்து ஆரம்பிச்சு மேல்நோக்கிப் போவாங்க. சின்ன ஆறு, உடைஞ்சது எல்லாம் அருவில விழுந்து போயிடும். லேனாவுல இப்பல்லாம் முன்கூட்டியே ஐஸை நீளமா அறுத்து விடறாங்க. நிலக்கரித் தூள் மாதிரி கறுப்பா எதையாவது தூவி வெயிலை உறிஞ்ச வைக்கறாங்க. அடைச்சதுக்கு அப்புறம் போராடறதை விட அது எவ்வளவோ மேல்.

இதுல இன்னொண்ணும் இருக்கு. லேனா, கனடாவோட மெக்கென்சி, அதபாஸ்கா எல்லாம் வடக்கு நோக்கி ஓடற ஆறு. தலைப்பகுதி தெற்குல இருக்கறதால அங்க முதல்ல உருகும். வெள்ளம் வடக்க வரும்போது அங்க இன்னும் குளிர்காலம். உருகின தண்ணி உறைஞ்ச ஆத்து மேல போய் மோதுது.

நாணல் (எட்மன்டன்):

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஈரநிலங்கள் பற்றிய வேலை என்னுடையது. கனகு அண்ணாவின் பதிவுக்குப் பிறகு இதை எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லாமல் விட்டால் இந்த இழை பாதிதான்.

மக்மரியிலிருந்து அதே அதபாஸ்கா ஆற்றில் வடக்கே போனால் பீஸ் ஆறும் அதபாஸ்காவும் சேரும் பெரிய டெல்டா இருக்கிறது. அங்கே ஃபோர்ட் சிப்பேவையன் என்ற பழைய ஊர். மிக்கிசு க்ரீ, அதபாஸ்கா சிப்பேவையன், மேட்டி ஆகிய பழங்குடி மக்கள் வாழும் இடம். டெல்டாவில் ஆற்று மட்டத்தை விட உயரத்தில் ஆயிரக்கணக்கான குட்டைகளும் சதுப்புகளும் இருக்கின்றன. கோடை வெள்ளம் அந்த உயரத்துக்கு ஏறாது. ஐஸ் அடைத்து மட்டம் ஏறும் வசந்தத்தில் மட்டும்தான் அவற்றுக்குத் தண்ணீர். அப்படி ஒரு வருடம் நிரம்பினால் பல வருடங்களுக்குத் தாங்கும். 1974ல் ஒரு பெரிய வெள்ளம். அடுத்தது 1996, 97ல்தான் வந்தது. இடைப்பட்ட இருபது வருடங்களில் குட்டைகள் வற்றி, நாணலும் கோரையும் இருந்த இடத்தில் வில்லோப் புதர் ஏறி, நீரெலி பிடித்துப் பிழைத்த குடும்பங்கள் தொழிலை விட்டன. படகு போன கால்வாய்கள் மூடிப்போயின.

1968ல் பீஸ் ஆற்றின் மேலே பென்னட் அணை வந்தது. குளிரில் மின்சாரத்துக்காகத் தண்ணீர் திறப்பதால் ஐஸ் உயரமான மட்டத்தில் உறைகிறது, வசந்தத்தில் அதைத் தூக்கி உடைக்கும் வெள்ளமும் குறைந்துவிட்டது என்பது ஒரு தரப்பு. பருவநிலை மாற்றம்தான் பெரிய காரணம் என்பது இன்னொரு தரப்பு. ஆய்வாளர்களிடையே இது இன்னும் தீராத சண்டை. அந்த ஊர்ப் பெரியவர்களுக்கு அதில் சந்தேகமே இல்லை, அணைக்கு முன், அணைக்குப் பின் என்றுதான் பேசுகிறார்கள்.

2020 ஏப்ரலில் மக்மரி மூழ்கிய அதே வசந்தத்தில் டெல்டாவிலும் ஐஸ் அடைத்துக் குட்டைகள் நிரம்பின. மெக்கென்சி ஆற்றின் முகத்துவாரத்திலும் இதே கதைதான். அங்கே சுமார் 45,000 ஏரிகள், உயரத்தில் இருப்பவற்றுக்கு ஐஸ் வெள்ளத்தை விட்டால் வேறு கதி இல்லை.

கனகு:

தங்கச்சி, நீங்கள் சொல்லுறது எனக்கு விளங்குது. ஆனா வீடு போன ஆக்களுக்கு முன்னால நிண்டு குளம் நிரம்பினது நல்லம் எண்டு சொல்லேலாது. ரெண்டும் ஒரே ஆறு எண்டால் ஆருக்காக ஆத்தை நடத்திறது? 2022ல கனடாவின்ர வடமேற்குப் பிரதேசத்தில ஹே ரிவர் எண்ட ஊரும் இப்பிடித்தானே மே மாசம் முழுசா எழும்பினது. பக்கத்தில இருந்த பழங்குடி ஆக்களின்ர வீடுகளும் போச்சு. அவையும் ஆத்தோட வாழுற சனம்தான்.

நாணல்:

அண்ணா, சொல்லக்கூடாது என்பது சரி, நானும் சொல்ல மாட்டேன். என் வாதம் வெள்ளம் ஊருக்குள் வர வேண்டும் என்பது இல்லை. 1875லேயே மூழ்கிய தாழ்நிலத்தில் நிலக்கீழ் அறைகளைக் கட்டி வாடகைக்கு விட அனுமதித்தது ஆறு இல்லை. நீங்கள் அந்த அறையை எடுக்கும்போது யாராவது இதைச் சொன்னார்களா?

கனகு:

ஒருத்தரும் சொல்லேல்லை. வாடகை குறைவு எண்டுதான் எடுத்தனான்.

துறையூரான்:

நாணல் அம்மா கேட்ட கேள்விக்கு எங்கள் ஊரிலும் பதில் இல்லை. அது இருக்கட்டும். பழைய அடைப்பு எவ்வளவு உயரம் ஏறியது என்பதை அளவுகோல் இல்லாத இடங்களில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? வெள்ளக்குறி எதுவும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்களா?

யூகான்வாசி:

மரத்தில் இருக்கிறது ஐயா. ஐஸ் பாளங்கள் கரையோர மரங்களை உரசிக்கொண்டு போகும்போது, ஆறு வரும் பக்கமாகப் பட்டை உரிந்துவிடும். மரம் சாகாவிட்டால் அந்தக் காயத்தைச் சுற்றி வளையம் வளர்ந்துகொண்டே போகும். உயரத்தை அளந்து, வளையத்தை எண்ணினால் எந்த வருடம், எந்த உயரம் என்று தெரிந்துவிடும். டாசனில் மறுநாள் கரையோரம் நடந்தபோது புதுக் காயங்களைப் பார்த்தேன். பாப்லர் மரத்தில், என் நெஞ்சுயரத்தில், உள்மரம் ஈரமாக மஞ்சளாகத் தெரிந்தது. பக்கத்து மரத்தில் என் தலைக்கு மேலே ஒரு பழைய காயம், கறுத்து, ஓரம் தடித்து மூடிக்கொண்டிருந்தது. கரை நெடுக ஐஸ் சுவர் ஒன்று ஆள் உயரத்துக்கு நின்றது. ஆற்றைப் பார்த்த முகம் மட்டும் இழைத்துவிட்டதுபோல் வழவழப்பாக, நடுநடுவே கூழாங்கல் பதிந்து கிடந்தது. உடைந்த ஐஸ் ஓடும்போது ஓரத்தில் நின்றுவிட்ட ஐஸைச் சீவிக்கொண்டு போனதில் வந்த முகம் அது.

வெண்ணிலவன் (ஓலு, பின்லாந்து):

எங்கள் பக்கத்திலிருந்து ஒரு தகவல். பின்லாந்துக்கும் ஸ்வீடனுக்கும் எல்லையாக ஓடும் தோர்னியோ ஆற்றில் ஐஸ் போகும் தேதியை 1693லிருந்து எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு வணிகர் தொடங்கி வைத்தது. முந்நூறு வருடத்துக்கு மேற்பட்ட பட்டியலில் தேதி தெளிவாக முன்னால் வந்திருக்கிறது. நெனானாவில் 2013ல் தாமதம், 2019ல் சீக்கிரம் என்று சொல்வதைப் படித்தால் ஒன்றும் மாறவில்லை என்று யாராவது எடுத்துக்கொள்வார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

பனித்துகள்:

சரியான நேரத்துல சொன்னீங்க. நெனானா பட்டியலை வச்சு 2001ல சயன்ஸ் இதழ்ல ஒரு கட்டுரை வந்துச்சு. 1917லேர்ந்து கணக்குப் போட்டா சுமார் அஞ்சரை நாள் முன்னாடி வந்திருக்கு. அதுக்கப்புறமும் அந்தப் போக்கு நிக்கல. காலண்டர் தேதியை அப்படியே எடுத்தா லீப் வருஷத்தால கொஞ்சம் தப்பு வரும், பகலும் ராத்திரியும் சமமா இருக்கற வசந்தச் சமநாள்லேர்ந்து எண்ணணும்னு அதே ஆய்வாளர் எழுதினார். பந்தயப் பணத்துக்காக எழுதி வச்சதுங்கறதால இதுல ஒரு வசதி இருக்கு. நிமிஷம் தப்பினா சண்டை வந்துடும், அதனால நூறு வருஷமா யாரும் அசட்டையா இருக்கல.

வருஷத்துக்கு வருஷம் ஏற்ற இறக்கம் பெரிசு, மொத்தமா பாத்தா முன்னாடி வருது. ரெண்டும் உண்மை.

யூகான்வாசி:

டாசனிலும் அப்படித்தான். பழைய பதிவுகளில் மே இரண்டாவது வாரம் என்பது வழக்கம். இப்போது ஏப்ரல் கடைசி, மே முதல் வாரம். 2016ல் ஏப்ரல் 23லேயே போய்விட்டது. அதற்குப் பிறகு சில குளிர்காலங்களில் ஊருக்கு நேரெதிரே ஆறு முழுசாக உறையவே இல்லை, ரோடு போட முடியாமல் அக்கரை மக்கள் திண்டாடினார்கள். என்னிடம் பேசிய ஒரு பாட்டி, ட்ரான்டெக் ஹ்வெச்சின் பெண்மணி, தேதியைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. முன்பெல்லாம் ஐஸ் எந்த இடத்தில் முதலில் திறக்கும் என்று தெரியும், இப்போது வருடத்துக்கு ஓரிடத்தில் திறக்கிறது என்றார். எனக்கு அது எந்தத் தேதிப் பட்டியலையும் விடக் கவலையாக இருந்தது. அந்த அறிவை நம்பித்தான் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் ஐஸில் கால் வைக்கிறார்கள்.

க்ளாண்டைக் ஆற்றையும் மறந்துவிடக்கூடாது. 2023 மே மாதம் க்ளாண்டைக் பள்ளத்தாக்கில் வெள்ளம் வந்து ராக் க்ரீக் பக்கம் வீடுகளைக் காலி செய்தார்கள். எல்லாரும் பெரிய ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தால் சின்ன ஆறு வேலையைக் காட்டிவிடும்.

இளவேனில்:

என் அக்கா கால்கரில இருக்காங்க, அடுத்த வருஷம் ஏப்ரல்ல போறேன். டாசன் வந்து பாக்கணும்னு ஆசையாயிடுச்சு. கனகு அண்ணா எழுதினதைப் படிச்சிட்டும் இதைக் கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. எப்ப வரணும், எங்க நிக்கணும்?

யூகான்வாசி:

இளவேனில், தேதி குறித்து டிக்கெட் போட்டால் நூற்றுக்குப் பாதி ஏமாற்றம்தான். வைட்ஹார்ஸ் வரை வந்து காத்திருங்கள், அங்கிருந்து டாசனுக்கு சின்ன விமானமும் உண்டு. கார் என்றால் ஆறு மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள், வழியில் பெட்ரோல் கிடைக்கும் இடங்கள் குறைவு. ஏப்ரல் கடைசியில் டாசனில் பாதி விடுதிகள் திறந்திருக்காது. முன்கூட்டியே போன் பண்ணுங்கள்.

முதல் நகர்வைப் பார்க்க மண்கரையின் மேல் நிற்கலாம். தண்ணீர் ஏறத் தொடங்கினால் யாரும் சொல்வதற்கு முன் இறங்கி ஊருக்குள் போய்விடுங்கள். ஊருக்குப் பின்னால் மிட்நைட் டோம் என்ற மலை இருக்கிறது. மேலே வரை ரோடு திறந்திருந்தால் அங்கிருந்து இரண்டு ஆறும் சேருமிடம் முழுசாகத் தெரியும். என்ன ஆனாலும் கரையோரம் ஒட்டி நிற்கும் ஐஸில் ஏறாதீர்கள். படம் எடுக்க ஏறுபவர்களைப் பார்த்தேன். அது மேலிருந்து பார்க்கத் தரை மாதிரி இருக்கும், அடியில் தண்ணீர் அரித்திருக்கும். அடைப்பு விடும்போது வரும் அலை நீங்கள் ஓடுவதை விட வேகம்.

கனகு:

பிள்ளை, வாங்கோ, பாருங்கோ. தப்பா எடுக்கேல்லை. ரப்பர் பூட்ஸ் நல்லதா வாங்குங்கோ, அந்தச் சேறு சாதாரணச் சப்பாத்தைக் கழட்டி எடுத்துப் போடும். மக்மரியில இப்ப கரை மதிலை உயர்த்திக் கட்டினவை. அடுத்த ஏப்ரல் அங்க ஒரு சிநேகிதப்பெடியனைப் பாக்கப் போறன். ஐஸ் எந்த உயரம் வரைக்கும் நிக்குது எண்டு அந்த மதிலோட சேத்துப் படம் எடுத்துப் போடுறன். துறையூரான் ஐயாவுக்கு உதவும்.

துறையூரான்:

கட்டாயம் போடுங்கள் கனகு. படத்தில் அளவு தெரிய, பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்தி எடுங்கள். அதற்குள் தம்பி சொன்ன அந்த "பி" குறி போட்ட பதிவுகளைத் தேடிப் படித்துவிடுகிறேன்.